கேம்பர் வேனில் தனியாக மலையகம்: வாடகைக்கு எடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையின் மலையகத்தைத் தனியாகச் சுற்றிப் பார்க்க, உள்ளேயே படுத்துச் சமைக்க வசதி செய்த கேம்பர் வேன் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாக எடுக்கலாம். ஆனால் சின்ன வேனாக எடுங்கள், பிரேக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், தேயிலைத் தோட்டப் பாதைக்குள் போகக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த வரியை மாற்றித் தரச் சொல்லுங்கள், மாட்டோம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

நான் எடுத்தது கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னக் கம்பனியில். கையில் நாலைந்து வண்டிதான் வைத்திருக்கிறார்கள். பெயர் இங்கே வேண்டாம், நான் சொல்லப்போகிற நல்லதும் கெட்டதும் எந்தக் கம்பனிக்குப் போனாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயங்கள். அவர்களிடம் இரண்டு வகை இருந்தது. ஒன்று நம் ஆட்கள் கேடிஎச் என்று சொல்கிற பெரிய வேன், உள்ளே இரட்டைக் கட்டில், கழுவுதொட்டி, கூரையில் சோலார் பலகை, படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மற்றது ஜப்பானில் இருந்து வருகிற 660 சிசி குட்டி வேன், காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுமே அதே அளவு, பின் சீட்டை எடுத்துவிட்டுப் பலகைக் கட்டில் அடித்திருக்கிறார்கள். பெரியது கிட்டத்தட்ட 4.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். குட்டி வேன் 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், ஜப்பான் சட்டப்படி அந்த வகை வண்டி அதைத் தாண்ட முடியாது. அகலத்தில் ஒரு சாண் வித்தியாசம்தான். பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாதையில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி எதிரே வந்து, ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தண்ணீர் ஓடுகிற கான் என்று இருக்கும்போது, சக்கரம் கானுக்குள் இறங்காமல் காப்பாற்றுவது அந்த ஒரு சாண்தான். வளைவில் ஒரே திருப்பில் திரும்பவும், சின்னக் கோயில் முற்றத்தில் நிறுத்தவும் குட்டி வேனால்தான் முடிகிறது. ஒரே ஒரு ஆள் போகிற பயணத்துக்குப் பெரிய வேன் எடுப்பது காசைக் கொட்டித் தலைவலி வாங்குகிற வேலை.

நான் எடுத்த குட்டி வேனுக்குள் என்ன இருந்தது என்றால், ஒரு ஆள் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுக்கிற கட்டில், அதற்குக் கீழே சாமான் வைக்க இடம், கண்ணாடிகளுக்குத் தடித்த திரை, 20 லீற்றர் தண்ணீர்க் கேன், ஒற்றை அடுப்பு, 12 வோல்ட் குட்டிக் குளிர்ப்பெட்டி, இரண்டு விளக்கு. நிமிர்ந்து நிற்க முடியாது, மழை பெய்தால் உட்கார்ந்த வாக்கில்தான் உடுப்பு மாற்ற வேண்டும். கழிவறை கிடையாது. அது பெரிய பிரச்சினை மாதிரித் தெரியும், ஆனால் பெரிய பாதையில் பெற்றோல் செட்டும் சாப்பாட்டுக் கடையும் அடிக்கடி வருகிறது, ஊருக்குள் போனால் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. மெத்தை நன்றாக இருந்தது, திரை நன்றாக இருந்தது, விரிப்புகள் சுத்தமாகத் துவைத்து வாசமாக இருந்தன. அந்த அளவில் கம்பனிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். முதலில் டொலரில்தான் சொன்னார்கள், வெளிநாட்டுக்காரர்களை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. ரூபாயில் உள்ளூர் விலை சொல்லுங்கள் என்று கேட்ட பிறகு நன்றாகவே குறைந்தது, அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். நாள் வாடகை நுவரெலியாவில் ஒரு சுமாரான அறைக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூட. போக்குவரத்தும் படுக்கையும் சேர்ந்தது என்று கணக்குப் பார்த்தால் நட்டமில்லை, அதுவும் ஏப்ரல் சீசனில் அங்கே அறை விலை ஏறுகிற ஏற்றம் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாளுக்கு 100 கிலோமீட்டர், அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். சமவெளிக்கு அந்த 100 போதாது, மலைக்குத் தாராளம், ஏனென்றால் இந்த வளைவுகளில் மணிக்கு 25, 30 கிலோமீட்டர்தான் சராசரியாகக் கிடைக்கும், மூன்றரை, நாலு மணி நேரம் விடாமல் ஓட்டினால்தான் 100 வரும், தினமும் அவ்வளவு நேரம் ஓட்டவா வந்தோம்.

சரி, பாதைக்கு வருவோம். அவிசாவளையில் தொடங்கி கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா போகிற ஏ7 பாதையில்தான் ஏறினேன். 660 சிசி எஞ்சின் ஏற்றத்தில் திணறும் என்று பலர் பயமுறுத்துவார்கள். திணறத்தான் செய்கிறது. கித்துல்கலை தாண்டிக் கினிகத்தேனைக்கு ஏறும்போது ஏசியை அணைத்துவிட்டு, கியரை இறக்கி, இடது ஓரமாக மெதுவாகப் போனால் போதும். பின்னால் பஸ் வந்து ஹோர்ன் அடித்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி விட்டுவிடுங்கள், அந்த ஓட்டுநருக்கு அது தினசரி வேலை, நமக்கு விடுமுறை. இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை முறை, ஆனால் அதை நம்பி ஒடுக்கமான வளைவுக்குள் நுழையாதீர்கள், ஹோர்ன் அடித்துப் பதில் வருகிறதா என்று கேட்டுவிட்டு நுழையுங்கள்.

ஏற்றத்தில் எஞ்சின் சூடாகும், அவ்வளவுதான். உயிரை எடுப்பது இறக்கம். நுவரெலியாவில் இருந்து ஹக்கல தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கும்போது, ஓட்டோ கியரை 'டி'யில் விடாமல் '2'க்கு இறக்கி, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படிதான் ஓட்டினேன், அப்படி இருந்தும் கெப்பெட்டிப்பொலவுக்கு முன்னாலேயே ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை, கொஞ்ச நேரத்தில் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கத் தொடங்கியது. பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிப் போகிற லொறிகள் முன்னும் பின்னும், நிறுத்த அகலமான இடம் கிடைக்கிற வரைக்கும் 'எல்' கியரில் ஊர்ந்துதான் வந்தேன். ஓரம்கட்டி, சக்கரம் ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்து, பிறகு அதேபோல ஊர்ந்து வெலிமடைக்குப் போய் ஒரு கராஜில் விட்டேன். அங்கே இருந்த மெக்கானிக் நானா முன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார், பிரேக் பேட் தேய்ந்து தகட்டுக்குக் கிட்ட வந்திருந்தது, பிரேக் ஒயில் கோப்பி நிறத்தில் இருந்தது. "தங்கச்சி, இந்த பேட்ட வச்சிக்கிட்டு கொழும்புல ஒரு வருசம் ஓடலாம். இங்க ஓட ஏலாது" என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பொறுமையாகச் சொல்லியும் தந்தார்: பிரேக் ஒயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ஒயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கும், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்தத் தண்ணீர் கொதித்துக் குமிழியாகிவிட்டால் பெடலை மிதித்தாலும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

எனக்குக் கோபம் வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது. மலைக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் எடுத்தேன், பாதை முழுவதையும் எழுதிக் கொடுத்திருந்தேன், விரிப்பை இவ்வளவு சுத்தமாகத் துவைத்துத் தந்த கம்பனிக்கு முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க அரை மணி நேரம் இருக்கவில்லையா? நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் 2023 ஜனவரி 20ஆம் திகதி பஸ் மோதி 7 பேர் இறந்தது மலையகத்தில் யாருக்கும் மறக்காது. கொத்மலை கெரண்டிஎல்லவில் 2025 மே 11ஆம் திகதி பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம், ஆனால் இந்தப் பாதைகளில் ஒரு பிழைக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பதில்லை என்று இங்கே தொழில் செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு இரவே கம்பனிக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. 24 மணி நேர உதவி என்று விளம்பரத்தில் போட்டிருந்த இலக்கம் அதுதான். மறுநாள் காலையில் அவர்களே அழைத்து மன்னிப்புக் கேட்டார்கள், பேட், ஒயில் மாற்றிய பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள், பணத்தை அன்றே போட்டுவிட்டார்கள். அந்த நேர்மைக்கு நன்றி. ஆனால் இரவில் எடுக்காத தொலைபேசிக்குப் பகலில் கொடுக்கிற காசு ஈடாகாது. நீங்கள் எடுக்கும்போது முன் பேட் எவ்வளவு இருக்கிறது, பிரேக் ஒயில் எப்போது மாற்றியது, உதிரி டயரில் காற்று இருக்கிறதா, ஜாக் வேலை செய்கிறதா என்று வண்டியைத் தருகிற இடத்திலேயே கேளுங்கள். அவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

காகித விஷயமும் அதே அளவு முக்கியம். வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகவில்லையா, காப்புறுதி வாடகைக்கு விடுகிற வாகனத்துக்கு உரியதா என்று பாருங்கள். சொந்தப் பாவனைக்கு என்று காப்புறுதி எடுத்துவிட்டு வண்டியை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அடிபட்ட பிறகு காப்புறுதிக்காரர்கள் கைவிரித்தால் நீங்கள்தான் நடுத்தெருவில் நிற்பீர்கள். எனக்குத் தந்த ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும் இருந்தது. தமிழில் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும். மலையகத்துக்குப் போக வேன் எடுக்கிற தமிழர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், நாளைக்கு ஹட்டனில் இருந்து ஒரு பிள்ளை தன் அப்பா அம்மாவுக்கு எடுத்துக் கொடுக்கும். கேஸ் எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று நாலு வரி தமிழில் எழுதி ஒட்ட என்ன செலவாகும்? திருப்பிக் கொடுக்கும்போது நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், ஒட்டுகிறோம் என்று சொன்னார்கள்.

அந்த ஒப்பந்தத்தில்தான் தோட்டப் பாதை வரியும் இருந்தது. தார் போடாத பாதையிலோ தோட்டத்துக்குச் சொந்தமான பாதையிலோ சேதம் வந்தால் முழுச் செலவும் வாடகைக்கு எடுத்தவர் தலையில். அவர்கள் பக்கத்து நியாயம் விளங்குகிறது, வெளிநாட்டுப் பயணி ஒருவர் கூகுள் காட்டுகிற கோட்டை நம்பிக் கொழுந்து மலைக்குள் நுழைந்து அச்சை உடைத்துக்கொண்டு நிற்பார். ஆனால் எங்கள் சனம் இருப்பதே அந்தப் பாதையின் முடிவில்தான். பெரிய ரோட்டில் இருந்து பார்த்தால் தெரிவது பச்சை மலையும் நீர்வீழ்ச்சியும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயம் இருப்பது உள்ளே, கொன்கிரீட்டும் கல்லும் மாறி மாறி வருகிற பாதையில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி. அந்தப் பாதைக்குப் போகாத கேம்பர் வேனால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அதைச் சொன்னேன், கொஞ்சம் வாதாடினேன், கடைசியில் பஸ்ஸோ கொழுந்து லொறியோ தினசரி போய்வருகிற பாதை என்றால் பரவாயில்லை என்று கையால் எழுதிச் சேர்த்துக் கொடுத்தார்கள். இது நியாயமான வரி, எல்லாக் கம்பனியும் இப்படி எழுதலாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரவுகள் அங்கேதான் கிடைத்தன. என் சின்னம்மா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். லயத்துக் காம்பரா என்றால் ஒரே அறை, பத்தடிக்குப் பன்னிரண்டு, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதில் அவர், சித்தப்பா, மகன், மருமகள், பேரப்பிள்ளை. நான் இராத்தங்கப் போனால் யாரோ ஒருவர் இஸ்தோப்பில் குளிரில் படுக்க வேண்டும், எனக்கு நல்ல கம்பளி வரும், அவர்களுக்குச் சாக்கு வரும், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அது தெரிந்தே பல வருடமாகப் பகலில் போய்ப் பகலில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். இந்த முறை வேனைக் கோயில் முற்றத்தில் நிறுத்திவிட்டு, இரவு பத்து மணி வரைக்கும் அடுப்படியில் உட்கார்ந்து கதைத்துவிட்டு, படுக்க மட்டும் வேனுக்கு வந்தேன். சின்னம்மாவுக்கு முதலில் மனத்தாங்கல். "வீட்டுக்கு வந்த புள்ள ரோட்டுல படுக்கிறதா, பாக்கிறவங்க என்னா சொல்லுவாங்க" என்றார். வேனுக்குள் கூட்டிப்போய் கட்டிலில் உட்கார வைத்தேன். மெத்தையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்களதவிட இது நல்லா இருக்கே" என்று சொல்லிப் பேரனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டுப் போனார். காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் தேத்தண்ணியும் வேனுக்கே வந்தது. எந்த ஹோட்டலும், எந்த பங்களாவும் எனக்கு இதைத் தர முடியாது, கேம்பர் வேன் தந்தது. சொந்தக்காரர் வீட்டில் இடம் இல்லை என்பதற்காகப் போகாமல் இருக்கிறவர்கள் மலையகத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன்.

தனியாகப் போகிற பெண்கள் எங்கே நிறுத்துவது என்று கேட்பீர்கள். தேயிலை மலை எல்லாம் தோட்டக் கம்பனிகள் வைத்திருக்கிற காணி, பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று வளைவில் நிறுத்திப் படுக்க முடியாது, படுக்கவும் கூடாது. கோயிலில் நிறுத்துவது என்றால் பொழுது சாய்வதற்கு முன்னால் போய்க் கோயில் தலைவரிடமோ பூசாரியிடமோ கேட்க வேண்டும், யார் மகள், எந்தத் தோட்டம் என்று இரண்டு கேள்வி வரும், பிறகு அந்த முற்றமே நமக்குக் காவல். தெரிந்தவர்கள் இல்லாத ஊரில் சின்னத் தங்குமிடங்களின் முற்றத்தில் ஒரு தொகை கொடுத்து நிறுத்தினேன், குளிக்கச் சுடுதண்ணியும் கிடைத்தது. பெற்றோல் செட்டில் நிறுத்துவது கடைசி வழி, வெளிச்சமும் சத்தமும் தூங்க விடாது. எங்கே நின்றாலும் வண்டியின் முகம் வெளியே போகிற பக்கம் பார்த்து இருக்க வேண்டும், திறப்பு கைக்கெட்ட வேண்டும், வீட்டில் ஒருவருக்கு இருக்கிற இடத்தை அனுப்பிவைக்க வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119, பெண்களுக்கு உதவி இலக்கம் 1938.

இதைவிட முக்கியமான ஒன்று, மண் வெட்டிய சரிவுக்குக் கீழே நிறுத்தாதீர்கள். மழை நாளில் ஒருபோதும் வேண்டாம். அப்புத்தளையில் இருந்து பெரகலை இறங்கிக் கொஸ்லாந்தைப் பக்கம் போனால் மேலே மீரியபெத்தை, 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களோடு மண்ணுக்குள் போன இடம். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தபோது மலையகம் முழுக்க மண் சரிந்து பாதைகள் அறுந்தன, இதை எழுதத் தேவையே இல்லை, நாம் எல்லோரும் பார்த்தோம். அதனால் பயண நாள்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். உங்கள் பாதையில் இருக்கிற பிரதேசத்துக்குச் சிவப்பு என்றால் திரும்பிவிடுங்கள், மஞ்சள் என்றால் அன்றைய இரவை ஊருக்குள் கட்டடம் உள்ள இடத்தில் கழியுங்கள். மழைக் காலக் கணக்கு எளிது: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம், கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் கொட்டும், அப்போது பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் காய்ந்திருக்கும். வருடக் கடைசியில் அது தலைகீழ், பதுளைப் பக்கம் நனையும். ஜூன், ஜூலையில் அப்புத்தளை இடைவெளியில் கச்சான் காற்று அடித்தால் மெல்லிய உயரமான வேன் பக்கவாட்டில் தள்ளப்படுவது ஸ்டீயரிங்கில் தெரியும். எனக்கு ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலமாகத் தெரிகிறது, குளிர் மட்டும் கூட.

அந்தக் குளிரைப் பற்றி. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீட்டர், வருடத் தொடக்கத்தில் சில இரவுகள் 5 பாகைக்குக் கிட்ட இறங்கும், புல்லில் உறைபனி விழுந்த காலைகளும் உண்டு. வேனின் தகடு அந்தக் குளிரை அப்படியே உள்ளே அனுப்பும். கம்பனி தந்தது ஒரே ஒரு கம்பளி, போதாது, இரண்டு கேளுங்கள், கட்டிலுக்குக் கீழேயும் ஒன்று விரியுங்கள், குளிர் கீழே இருந்துதான் ஏறுகிறது. கண்ணாடியை முழுக்க மூடினால் மூச்சு ஈரம் காலையில் கூரையில் இருந்து சொட்டும், அதனால் இரண்டு பக்கமும் இரண்டு விரல் திறந்து வலை போட்டுப் படுத்தேன். அடுப்பு குட்டி டின்னில் வருகிற பியூட்டேன் கேஸ். பியூட்டேன் திரவம் ஆவியாவது பூச்சியத்துக்குப் பக்கத்து வெப்பத்தில்தான், அதனால் விடியற்காலைக் குளிரில் அழுத்தமே இருக்காது, எரிய எரிய டின் இன்னும் குளிர்ந்து சுடர் படுத்துவிடும். படுக்கும்போது டின்னை அடுப்பில் இருந்து கழற்றிக் கம்பளிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் காலையில் சரியாக எரிகிறது. சூடாக்க நெருப்பில் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவு செய்து வேண்டாம். வேனுக்குள் கதவை மூடிக்கொண்டு அடுப்பை எரித்துக் குளிர் காய்வதும் வேண்டவே வேண்டாம், கார்பன் மொனொக்சைட்டுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எங்கள் வண்டியில் அதற்கான அலாரம் இருக்கவில்லை, இது கம்பனி உடனே திருத்த வேண்டிய குறை. இன்னொன்று, அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு வேக வீட்டில் எடுக்கிற நேரம் போதாது, கேஸ் தீரும். முதல் நாளே ஊற வைத்த பருப்பு, இல்லாவிட்டால் கடைச் சாப்பாடு.

குளிர்ப்பெட்டி பற்றியும் சொல்ல வேண்டும். 100 ஆம்பியர் மணி ஈய அமில பெட்டரி, அதில் பாதிக்கு மேல் இழுத்தால் பெட்டரியின் ஆயுள் போய்விடும், ஆக இரவுக்குக் கிடைப்பது 600 வாட் மணி. புதிய பெட்டரிக்கு அது போதும். எங்களது பழசு, விடிவதற்கு முன்னாலேயே குளிர்ப்பெட்டி நின்றுவிட்டது. பகலில் ஓடும்போதுதான் திரும்பச் சார்ஜ் ஏறும், பனிமூட்ட நாளில் சோலார் இருந்தாலும் பெரிதாக எதுவும் தராது. அப்புறம் யோசித்தேன், நுவரெலியாவில் எதற்குக் குளிர்ப்பெட்டி? அணைத்துவிட்டு அந்த மின்சாரத்தைத் தொலைபேசிக்கும் விளக்குக்கும் வைத்துக்கொண்டேன்.

போன இடங்களில் வேன் இருந்ததால் மட்டுமே சரியாகப் பார்க்கக் கிடைத்தவை சில. ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் கதவு காலை ஆறு மணிக்குத் திறக்கும், முதல் நாள் இரவே பட்டிபொலப் பக்கம் வந்து படுத்ததால், இருட்டில் நுவரெலியாவில் இருந்து ஓட்ட வேண்டிய தேவை இல்லாமல் போனது, உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பனி மூடுவதற்கு முன் பார்த்துவிட்டேன். பூங்காவுக்குள் இராத்தங்கத் தனி அனுமதி வேண்டும், வேன் இருக்கிறது என்பதற்காக உள்ளே நிறுத்திப் படுக்க முடியாது. பொலித்தீனைக் கதவிலேயே எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு போங்கள். லிப்டன் சீட் என்கிற மலை உச்சிக் காட்சி முனையும் அதே கதைதான், விடியும்போது இருக்க வேண்டும், பகல் ஏறினால் வெண்மை தவிர ஒன்றும் தெரியாது. 1890இல் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்து மேலே போகிற பாதை ஒடுக்கம், அங்கேயும் குட்டி வேன்தான் வென்றது. தலவாக்கலைக்கு முன்னால் டெவன் நீர்வீழ்ச்சி தெரிகிற இடத்தில் ஓரம்கட்டி நானே பிளேன்டீ போட்டுக் குடித்தேன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சியில் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு தண்ணீர் குறைந்துபோனதைப் பார்க்க மனது கஷ்டமாக இருந்தது.

எல்ல மட்டும் வேனுக்குச் சரிப்படாத ஊர். நிறுத்த இடம் இல்லை, இரவு முழுக்கப் பாட்டுச் சத்தம், ஒரு முற்றத்துக்குக் கேட்கிற விலை அறை வாடகைக்குக் கிட்ட வருகிறது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வேண்டும் என்றால் பண்டாரவளையில் வேனை விட்டுவிட்டு ரயிலிலோ பஸ்ஸிலோ போங்கள்.

திருப்பிக் கொடுத்த அன்று வண்டியைச் சுற்றிவந்து படம் எடுத்தார்கள், எடுத்த அன்று நானும் அதேபோல எடுத்து வைத்திருந்ததால் பழைய கீறல்களுக்கு யாரும் என்னிடம் காசு கேட்கவில்லை. வைப்புப் பணம் சில நாளில் முழுவதும் வந்து சேர்ந்தது. பிரேக் விஷயத்தையும், இரவுத் தொலைபேசியையும், அலாரத்தையும் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அடுத்த தைப்பொங்கலுக்குச் சின்னம்மா வீட்டுக்கு இதே குட்டி வேனைத்தான் கேட்டிருக்கிறேன், முன் பேட்டைக் கழற்றி என் கண் முன்னால் காட்டினால் மட்டும் முன்பணம் கட்டுவேன் என்று சொல்லி, அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள்.